வேலியில் நிற்கும் வில்!

‘மன்ஹாட்டன்ல படிக்கிறேன்’ என்று சொன்னால் உங்கள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். வானத்தைத் தொடும் கட்டடம், மஞ்சள் டாக்ஸி, டைம்ஸ் ஸ்கொயர்... எங்க சித்தி பண்ருட்டி பூராவும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். ஸாரி சித்தி! இது அந்த மன்ஹாட்டன் இல்லை. அமெரிக்காவின் நட்டநடுவில், கன்சாஸ் மாநிலத்தில் இருக்கிற மன்ஹாட்டன். நியூயார்க்கை ‘பிக் ஆப்பிள்’ என்பார்கள் இல்லையா? இந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊருக்கு ‘லிட்டில் ஆப்பிள்’ என்று பேர் வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்கள். குசும்பு!

இங்கே கட்டடம் கிடையாது. புல்தான்.

ஊரை விட்டு தெற்கே கே-177 சாலையில் வண்டியை விடுங்கள். ஐ-70 நெடுஞ்சாலையைத் தாண்டினால் இரண்டு பக்கமும் ஃபிளின்ட் ஹில்ஸ். பேர்தான் ஹில்ஸ். நம்ம கொல்லிமலை, ஏலகிரி மாதிரி நினைச்சுக்காதீங்க. பாயை உதறிப் போட்டால் அங்கங்கே மேடு தட்டி நிற்குமே, அந்த மாதிரி. ஒரு காலத்தில் அமெரிக்காவின் நடுப்பகுதி முழுக்க இப்படி ஆள் உயரப் புல்லாக இருந்ததாம். இன்றைக்கு அதில் நூற்றுக்கு நாலு பங்குகூட மிச்சமில்லை. மிச்சம் இருப்பதில் பெரும்பகுதி இங்கேதான். காரணம் சிம்பிள். மேலாக இருக்கிற மண்ணைச் சுரண்டினால் கீழே சுண்ணாம்புக் கல்லும் சிக்கிமுக்கிக் கல்லும். ஏர் இறங்கவில்லை, புல் பிழைத்துக்கொண்டது.

மார்ச், ஏப்ரலில் வந்தீர்கள் என்றால் இன்னொரு காட்சி. புதுப்புல் முளைப்பதற்காக பழைய புல்லுக்குத் தீ வைப்பார்கள். ராத்திரியில் மலைச்சரிவில் தீ ஒரு மெல்லிய ஆரஞ்சு கோடாக ஊர்ந்து போகும். முதல் வருஷம் அதைப் பார்த்துவிட்டு நான் 911-க்கு போன் போடப் போனேன். ரூம்மேட்தான் (மதுரைக்காரன்) போனைப் பிடுங்கினான். ‘மாப்ள, மானத்த வாங்காத. இது இவங்க ஊரு போகி!’

ஆனால் நான் சொல்ல வந்தது புல்லைப் பற்றி இல்லை. அந்தப் புல்வெளிக்கு நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி வரிசையாக நிற்கிற முள்மரங்களைப் பற்றி. அதில் ஒரு கட்டைக்காக நான் ஆறு மாசம் அலைந்தேன்.

கதை ஒரு ஓட்டை வில்லில் ஆரம்பிக்கிறது. கேம்பஸில் ஒரு சீனியர், தானே செய்த வில்லில் அம்பு விட்டுக்கொண்டிருந்தார். ஃபைபர் கிளாஸ் இல்லை, சக்கரம் கிக்கரம் எதுவும் இல்லை. மரத்தில் மூங்கில் பட்டையை ஒட்டிய வில். நாணை விட்டதும் ‘டொப்’ என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே மூங்கில் பட்டை ஆர்டர் பண்ணினேன். மரம்? பக்கத்து ஹார்டுவேர் கடையில் நேராக, பளபளவென்று இருந்த சிவப்பு ஓக் பலகை ஒன்றை எடுத்தேன். ஏன் அதை எடுத்தேன் என்று கேட்டால் உண்மையான பதில்: அழகாக இருந்தது. (கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவர்கள் செய்கிற அதே தப்பு!)

மூன்று வாரம் இழைத்து, தேய்த்து, நாண் கட்டி, போட்டோ எடுத்து வீட்டுக்கெல்லாம் அனுப்பியாச்சு. ஐம்பது, அறுபது அம்பு விட்டிருப்பேன். வில் நாளுக்கு நாள் ‘தொளதொள’ ஆனது. நாணை அவிழ்த்தாலும் நிமிரவில்லை, வயசான ஆள் மாதிரி கூன் போட்டே நின்றது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என்னைப் பார்க்கிற பக்கத்தில், குறுக்கே, நகத்தால் கீறிய மாதிரி பொடிப்பொடிக் கோடுகள். மரத்தின் நார் நசுங்கி மடிந்திருந்தது.

சிவில் இன்ஜினீயரிங் படிக்கிறவர்களே, கொஞ்சம் கிட்ட வாங்க. மற்றவர்களும் வரலாம், ஒண்ணும் கஷ்டம் இல்லை.

வில்லுக்கு முதுகு, வயிறு என்று இரண்டு பக்கம். குறியைப் பார்க்கிற பக்கம் முதுகு. உங்களைப் பார்க்கிற பக்கம் வயிறு. நாணை இழுத்தால் முதுகு நீளப் பார்க்கும், வயிறு நசுங்கும். இதைத்தானே நாம் ஆர்.சி.சி. பீமில் படித்தோம்? இழுவையைத் தாங்க கம்பி, நசுக்கலைத் தாங்க கான்கிரீட். வில்லில் கம்பியின் இடத்தில் மூங்கில், கான்கிரீட்டின் இடத்தில் மரம். மூங்கிலின் பலமான நார் எல்லாம் வெளித்தோலுக்குப் பக்கத்தில்தான் நெருக்கமாக இருக்கும். அதனால் அந்தப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி முதுகில் ஒட்டுவார்கள். ஜப்பான்காரர்கள் தங்கள் நெட்டை வில்லுக்கு இரண்டு பக்கமும் மூங்கில் வைத்து நடுவில் மரம் சேர்க்கிறார்கள். அது தனிக் கதை.

சரி, பீமில் கம்பியை அளவுக்கு மீறிப் போட்டால் என்ன ஆகும்? ‘ஓவர் ரீஇன்ஃபோர்ஸ்டு செக்‌ஷன்’! கம்பி கம்மென்று இருக்கும், கான்கிரீட் முதலில் நொறுங்கும். செமஸ்டரில் பதினாறு மார்க்குக்கு எழுதியவன் நான். அதே தப்பை மரத்தில் செய்திருக்கிறேன்! மரமே பொதுவாக இழுவையில் கெட்டி, நசுக்கலில் வீக். அதன் முதுகில் அதைவிடக் கெட்டியான மூங்கிலைத் தடிமனாக ஒட்டினால் ஓக் பாவம் என்ன செய்யும்?

ஆக, மூங்கில் வில்லுக்கு மரம் தேடுகிறவர் ‘எது உடையாது’ என்று கேட்கக் கூடாது. உடையாமல் பார்த்துக்கொள்ள மூங்கில் இருக்கிறது. ‘எது நசுங்காது’ என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வி தெரிந்திருந்தால் எனக்கு மூன்று வாரமும் ஒரு மூங்கிலும் மிச்சம்.

கேள்வியை மாற்றியதும் லிஸ்ட் சுருங்கிவிட்டது. ஹிக்கரி? இழுவையில் சூரன், முதுகுக்கே போடலாம். ஆனால் வயிற்றில் வைத்தால் காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டுக் கூன் போடும். யூ மரம் ராஜ மரம், இங்கிலாந்தின் பழைய போர் வில்லெல்லாம் அதுதான். என் பேங்க் பேலன்ஸ் பிரஜை மரத்துக்குத்தான் தாங்கும். மிஞ்சியது இரண்டு. ஒன்று பிரேசில் பக்கத்து இபே. இன்னொன்று இந்த ஊர் ஓசேஜ் ஆரஞ்சு.

இபேயைத் தேடி ஒரு பெரிய மரக்கடைக்குப் போனேன். கையில் எடுத்தால் இரும்பு! கிட்டத்தட்ட தண்ணீர் அளவுக்கே கனம், நல்ல துண்டாக இருந்தால் மூழ்கியே போகும். ரேகை நேர்கோடு. கணு இல்லை, கோணல் இல்லை. வில் செய்கிறவர்களுக்கு லட்டு. நிஜ மன்ஹாட்டனுக்குப் பக்கத்தில் இருக்கிற கோனி ஐலண்ட் கடற்கரை நடைபாதைக்கே இந்தப் பலகையைப் போட்டிருக்கிறார்கள். பெங்களூரு சாலையோரத்தில் இலையே தெரியாமல் பூத்துத் தள்ளுமே டபேபுயா, அதற்குச் சொந்தக்கார மரம். ஆனால் அமேசானில் திருட்டுத்தனமாக அதிகம் வெட்டப்படுவதும் இதுதான். 2024 நவம்பரிலிருந்து இது நாடு விட்டு நாடு போக சைட்ஸ் ஒப்பந்தப்படி பர்மிட் வேண்டும். ‘இந்தப் பலகை எந்தக் காட்டுது?’ என்று கடைக்காரரிடம் கேட்டேன். ‘மூணாவது ஷெல்ஃப்’ என்றார். ஜோக் அடிக்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று தெரியவில்லை. விலைச்சீட்டையும் பார்த்துவிட்டுப் பலகையைத் திருப்பி வைத்துவிட்டேன். பெரிய தியாகமெல்லாம் இல்லை. பாதிக்குப் பாதி விலைதான் காரணம்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, உழவர் சந்தை மாதிரி இங்கே ஒன்று கூடும். அங்கே ஒரு பெரியவர் கூடை நிறையப் பச்சைப் பந்துகள் வைத்திருந்தார். சாத்துக்குடி சைஸுக்கும் பெரிசு, மேலே மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக. பக்கத்தில் ‘வீட்டில் வைத்தால் சிலந்தி வராது’ என்று போர்டு.

‘நிஜமா வேலை செய்யுமா சார்?’

‘வாங்கறவங்களுக்கு வேலை செய்யுது’ என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஒன்றைக் கையில் எடுத்தேன். காம்பில் இருந்து பால் வடிந்து விரலில் பிசுபிசு என்று ஒட்டிக்கொண்டது. அந்தப் பிசுபிசுப்பு எனக்குத் தெரியும்! பண்ருட்டியில் பிறந்தவன் விரலுக்குத் தெரியாத பாலா? பலாப்பழம் உரிக்க எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்த சாயங்காலமெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ரூமுக்கு வந்து தேடிப் பார்த்தால், சத்தியமாக, இரண்டும் ஒரே குடும்பம். நம்ம பலா, முசுக்கொட்டை, இந்த ஓசேஜ் ஆரஞ்சு எல்லாம் பங்காளிகள். ‘ஆரஞ்சு’ என்பது சும்மா பேர்தான். கட்டையை வெட்டினால் பலாக்கட்டை மாதிரியே பளிச்சென்று மஞ்சள். முதல் உலகப்போர் சமயத்தில் அமெரிக்கப் பட்டாளத்து யூனிஃபார்முக்குக் காக்கிச் சாயம் எடுக்கவே இந்த மரத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். என்ன, நம்ம பலாவில் சுளை உண்டு. இதைச் சாப்பிட மனுஷனுக்குத் தோன்றாது. இந்தப் பழத்தைத் தின்று விதையைப் பரப்பிய யானை சைஸ் மிருகங்கள் பனியுகத்தோடு அழிந்துவிட்டன என்று 1982-ல் இரண்டு விஞ்ஞானிகள் ஓர் ஊகம் சொன்னார்கள். அதனால்தான் பழம் இப்போது கேட்பாரற்று மரத்தடியில் கிடக்கிறதாம்.

பெரியவரை ‘சார்’ என்று கூப்பிடக் கூடாது என்பது அவர் உத்தரவு. ‘சார் எல்லாம் பட்டாளத்தோட போச்சு. பேர் சொல்லிக் கூப்பிடு, கிட்.’ எண்பது வயசுக்காரரைப் பேர் சொல்ல எனக்கு வாய் வருமா? நேரில் எதுவுமே சொல்லாமல் ‘ஹலோ’ போட்டே ஓட்டினேன். உங்களிடம் தாத்தா என்றே சொல்கிறேன். தாத்தாவின் பண்ணை கவுன்சில் குரோவ் பக்கம். மன்ஹாட்டனில் இருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது.

கவுன்சில் குரோவுக்கு நீங்கள் எப்போதாவது போனால், மெயின் ரோட்டில் ஒரு கூரைக்குக் கீழே பத்திரமாக வைத்திருக்கிற ஓக் அடிமரத்தைப் பாருங்கள். 1825 ஆகஸ்டில், சான்டா ஃபே வணிகப் பாதை போவதற்கு வழிவிடச் சொல்லி ஓசேஜ் இனத் தலைவர்களிடம் அமெரிக்க அரசு ஒப்பந்தம் போட்டது இந்த ஊர்த் தோப்பில்தான். அதற்கு நிழல் தந்த மரம் என்று சொல்லப்படும் அந்த ஓக் 1958-ல் காற்றில் விழுந்துவிட்டது. வழி கேட்டவர்கள் அப்புறம் நிலத்தையும் கேட்டார்கள். 1870-களில் ஓசேஜ் மக்கள் கன்சாஸையே விட்டு ஒக்லஹோமாவுக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே எண்ணெய் கிடைத்து, அதற்காகவே அவர்கள் கொல்லப்பட்ட கதைதான் 2023-ல் டிகாப்ரியோ நடித்து வந்த ‘கில்லர்ஸ் ஆஃப் தி ஃப்ளவர் மூன்’. படம் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்த ஓசேஜ்தான் இந்த ஓசேஜ்.

மக்கள் போய்விட்டார்கள், அவர்கள் பேரை வைத்த மரம் வந்துவிட்டது! ஆமாம், இது கன்சாஸ் மரமே இல்லை. டெக்சஸ், ஒக்லஹோமா, ஆர்க்கன்சா சந்திக்கிற மூலையில் மட்டும் இருந்தது. அங்கே வந்த பிரெஞ்சுக்காரர்கள், உள்ளூர் மக்கள் இதில் வில் செய்வதைப் பார்த்து ‘வில் மரம்’ என்றே தங்கள் பாஷையில் பேர் வைத்தார்கள். 1804-ல் லூயிஸ், கிளார்க் பயணம் கிளம்பும் முன்பே, செயின்ட் லூயிஸிலிருந்து இதன் கிளைத் துண்டுகளை அதிபர் ஜெஃபர்சனுக்கு அனுப்பி வைத்தார் லூயிஸ். 1811-ல் மிசௌரி ஆற்றின் மேல்பக்கம் போன பிராட்பரி என்கிற இங்கிலாந்துத் தாவரவியலாளர் இந்த மரத்து வில்லுக்கு அங்கே என்ன விலை என்று எழுதி வைத்திருக்கிறார். ஒரு குதிரை, ஒரு கம்பளி! மரம் விளைகிற இடத்தில் இருந்து அது அவ்வளவு தூரம். அங்கே வரைக்கும் கை மாறிக் கை மாறிப் போயிருக்கிறது என்றால் மதிப்பைப் பாருங்கள்.

அப்புறம் குடியேறியவர்கள் வந்தார்கள். புல்வெளியில் வேலி போட மரம் ஏது? இல்லினாய் பக்கம் டர்னர் என்ற பேராசிரியர் ஒருவர், இந்த முள்மரத்தை நெருக்கமாக நட்டு வெட்டிவிட்டால் உயிர்வேலி ஆகும் என்று 1840-களில் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். குதிரை தாண்டாத உயரம், காளை முட்டினாலும் அசையாத பலம், பன்றி நுழையாத நெருக்கம். இதுதான் அந்த வேலிக்கு விளம்பரம். கன்சாஸ் முழுக்க நட்டார்கள். 1874-ல் கிளிடன் என்பவர் முள்கம்பிக்கு பேடன்ட் வாங்கினார். உயிர்வேலிக்கு வேலை போச்சு. ஆனால் மரத்துக்கு வேலை போகவில்லை. முள்கம்பி கட்டக் கல்தூண் மாதிரி கம்பம் வேண்டுமே? அதே மரத்தை வெட்டி அதே இடத்தில் நட்டார்கள். மண்ணில் பல பத்து வருஷம் புதைந்து கிடந்தாலும் கரையான் திரும்பிப் பார்க்காது. இங்கே யாரும் ஓசேஜ் என்றெல்லாம் சொல்வதில்லை. ‘ஹெட்ஜ்’. அவ்வளவுதான். வேலி என்றே பேர்.

இப்போது அந்த வரிசைகளை புல்டோசர் வைத்துப் பிடுங்குகிறார்கள். பெரிய டிராக்டர் திரும்ப இடம் வேண்டும், மரத்தடியில் பயிர் வராது. பிடுங்கியதைக் குவித்துக் கொளுத்துவார்கள், இல்லை விறகுக்கு விற்பார்கள். அடுப்பில் போட்டால் தீபாவளிதான், பொறி பறக்கும். தாத்தா பக்கத்துப் பண்ணையில் ஒரு நீள வரிசை இப்படிக் கருகிக் கிடந்ததை நான் பார்த்தேன். மூட்டம் போட்ட மாதிரி அடியில் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. ‘அதில் எத்தனை குதிரை, எத்தனை கம்பளி’ என்று மனசு கணக்குப் போட்டது.

‘அதை எடுத்துக்கலாமா?’ என்றேன்.

‘பச்சை மரம். பிளந்து, பட்டையைச் சீவி, முனைக்குப் பெயின்ட் அடிச்சு நிழல்ல போட்டா ஒரு வருஷம். உனக்கு எப்போ டிகிரி?’

‘மே மாசம்.’

தாத்தா ஒன்றும் பேசாமல் களஞ்சியக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூலையில் கம்பங்கள் அடுக்கியிருந்தன. அவர் அப்பா வெட்டிப் போட்டது. வேலியில் எது சாய்கிறதோ அதற்குப் பதில் இதில் இருந்து ஒன்று நடுவார். வருஷா வருஷம் எடுத்து எடுத்து, இருபதுக்குள்தான் மிச்சம்.

‘ஒண்ணு எடுத்துக்கோ. ஒண்ணுதான்.’

இதைக் கேட்டதும் எனக்கு வந்த பயம் இருக்கே, ஃபைனல் எக்ஸாம் ஹாலில்கூட வந்ததில்லை. கடையில் பலகை சொதப்பினால் இன்னொன்று வாங்கலாம். இது அவர் அப்பா கை பட்டது. இதையும் ஓக் மாதிரி வீணாக்கினால் எந்த முகத்தோடு திரும்பி வருவேன்?

மரம் பார்ப்பது எப்படி என்று அன்றைக்கு மத்தியானம் முழுக்க அவர் பேசாமலே சொல்லிக்கொடுத்தார். நான் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவேன், அவர் தலையை ஆட்டுவார், அல்லது ஆட்டமாட்டார். ஏன் என்று நானே கண்டுபிடிக்க வேண்டும். முதலில் நேராக இருந்த ஒன்றை எடுத்தேன். ‘நோ’. உற்றுப் பார்த்தேன். காய்ந்தபோது விட்ட விரிசல், கம்பத்தைச் சுற்றி முறுக்கு மாதிரி ஏறியிருந்தது. புரிந்தது! விரிசல் ரேகை வழியேதான் போகும். கம்பம் நேராக இருந்தாலும் உள்ளே நார் திருகி இருக்கிறது. அதில் வில் செய்தால் காற்றாடி இறக்கை மாதிரி முறுக்கிக்கொள்ளும். ஆக, விரிசலைக் கண்டு பயப்படாதீங்க. விரிசல் நேராகப் போனால் அது சர்டிஃபிகேட்!

அடுத்தது அடிப்பக்கம். முனையை அரத்தால் தேய்த்தால் ஆண்டு வளையங்கள் தெரியும். ஒவ்வொரு வளையத்திலும் வசந்தத்தில் வளர்ந்த பாகம் வெளிறி, ஓட்டை ஓட்டையாக இருக்கும். கோடையில் வளர்ந்த பாகம் அடர்த்தியாக இருக்கும். வெளிறியது நூல் மாதிரி மெலிசாகவும் அடர்த்தியானது தடித்தும் இருந்தால் நசுக்கலைத் தாங்குகிற கட்டை. நம்ம ஊர் ஆசாரிகள் ‘வைரம் பாய்ஞ்ச கட்டை’ என்பார்களே, அதேதான். ஓரத்து வெள்ளைக் கட்டையில் பூச்சித் துளை இருந்தால் பரவாயில்லை, அது எப்படியும் சீவிப் போகிறது. வைரத்தில் துளை இருந்தால் கீழே வைத்துவிட வேண்டும். மேலே பழுப்பேறி சாம்பல் நிறமாக இருக்கும், கத்தியால் கீறினால் உள்ளே மஞ்சள் எட்டிப் பார்க்கும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மூங்கில் இல்லாமல் தனி மரத்தில் வில் செய்கிறவர்களுக்கு வேலை இன்னும் கொடுமை. முதுகில் ஒரே ஒரு ஆண்டு வளையம், நுனி முதல் நுனி வரை, எங்கேயும் வெட்டுப்படாமல் வர வேண்டும். இழுப்புக் கத்தியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அந்த வளையத்தைத் துரத்துவார்கள். மூங்கில் முதுகு போட்டால் அந்தத் தலைவலி இல்லை. ரம்பத்தால் சமமாக அறுத்து ஒட்டலாம். சின்னக் கணுவைக்கூட மன்னிக்கலாம். வேலிக்கம்பத்தில் போய் வில் தேடுகிற தைரியம் எனக்கு வந்ததே அதனால்தான்.

ஒன்பதாவதோ பத்தாவதோ கம்பம். அடியில் வளையங்கள் அருமை. விரிசல் அடியில் இருந்து மூன்றரை அடி வரை கயிறு பிடித்த மாதிரி நேராக வந்து, அங்கே ஒரு பெரிய கணுவைப் பார்த்ததும் பாம்பாக நெளிந்து ஓடிவிட்டது. எனக்கு வேண்டியது ஐந்தரை அடி வில். கீழே வைக்கப் போனேன். தாத்தா தலையை ஆட்டவும் இல்லை, ஆட்டாமலும் இல்லை. தன் இரண்டு கையையும் விரல்கள் கோர்த்த மாதிரி மடக்கிக் காட்டினார்.

அட! மூன்றரை அடித் துண்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் ஒட்டிப் பிறந்த இரட்டையர். ஒரே வளையம், ஒரே குணம். இரண்டின் அடியையும் பல் பல்லாக வெட்டி, பிடி வருகிற இடத்தில் விரல் கோர்த்த மாதிரி ஒட்டினால் முழு நீளம். பிடி வளையாத இடம், மேலே மூங்கில் வேறு முழு நீளத்துக்கும் ஓடும். மேல் கை, கீழ்க் கை இரண்டும் ஒரே மாதிரி வளையும், ஏனென்றால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தவை. நீளமான கட்டையைவிட இது ஒரு வகையில் நல்லது!

ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தை வைத்துக் கம்பம் முழுக்கத் தடவினேன், பழைய ஆணி, கம்பி இருந்தால் ரம்பப் பல் போய்விடும். இல்லை. அவருடைய பட்டறையில் அறுத்தபோது பறந்த தூள், அப்பா, மஞ்சள்பொடிக் கடையில் நின்ற மாதிரி இருந்தது. சட்டை, புருவம், மூக்கு எல்லாம் மஞ்சள். கூடவே மஞ்சள் நீராட்டு விழா என்றால் என்ன என்று தாத்தாவுக்குச் சொல்ல முயற்சி பண்ணித் தோற்றுப்போனேன்.

துண்டுகளை ரூமில் வைத்து, சமையல் தராசில் தினமும் நிறுத்தேன். எடை குறைந்துகொண்டே வந்தது. கொட்டகையில் எத்தனை வருஷம் கிடந்தாலும் வீட்டுக்குள் வந்தால் இன்னும் கொஞ்சம் ஈரம் விடும். மூன்று வாரம் கழித்து முள் அசையாமல் நின்றதும்தான் கை வைத்தேன். (இட்லிப் பொடி அளக்கிற தராசில் கட்டையா என்று மதுரைக்காரன் இன்னும் திட்டுகிறான்.) மூங்கிலை இந்தத் தடவை மூன்று மில்லிமீட்டருக்கு இழைத்தேன், நுனிப்பக்கம் இன்னும் மெலிசு. தடிமனைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகும் என்பது பீமுக்கும் வில்லுக்கும் பொது. ஒட்டும்போது நாண் வளைக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக கொஞ்சம் வளைத்து வைத்துக் கிளாம்ப் போட்டேன். பசை காய்ந்ததும் அந்த வளைவு அப்படியே நின்றுவிடும். கூன் விழ வருகிற மரத்துக்கு அட்வான்ஸாகவே முதுகை நிமிர்த்தி வைக்கிற டெக்னிக்.

அப்புறம் சுரண்டல். வில்லைச் சுவரில் மாட்டி, கயிறு, கப்பி வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். எந்தக் கை விறைப்போ அதன் வயிற்றில் இரண்டு சுரண்டு. மறுபடி இழு. மறுபடி பார். ஒரு இன்ச் அதிகம் இழுக்க ஒரு ராத்திரி. மூங்கிலைத் தொடவே கூடாது, சுரண்டுவதெல்லாம் மரத்தில். ஏப்ரல் கடைசியில் ஒரு ராத்திரி, ஜன்னல் வழியாகப் புல் எரிகிற வாசனை வந்துகொண்டிருந்தபோது, தராசு நாற்பத்தைந்து பவுண்டு காட்டியது. இருபது கிலோ. நாணை அவிழ்த்தேன். நிமிர்ந்து நின்றது. டார்ச் அடித்து வயிற்றை ஒவ்வோர் இன்ச்சாகப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை.

கான்வொகேஷனுக்கு முந்தின வாரம் கவுன்சில் குரோவுக்குப் போனேன். எரிந்த மலையெல்லாம் பச்சைப் பசேல். வைக்கோல் உருளைக்கு முன்னால் நின்று இருபது அம்பு விட்டேன். ‘டொப்’. அந்தச் சத்தம். தாத்தா அம்பு எங்கே போகிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. முடிந்ததும் வில்லை வாங்கி, நாணை அவிழ்த்து, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். கட்டை விரலை வயிற்றில் மேலிருந்து கீழே ஓட்டினார். இரட்டையர் சேர்கிற இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது.

வில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ‘மிச்சம் எங்கே?’ என்றார்.

நல்லவேளை, கொண்டு போயிருந்தேன். கணு விழுந்து நெளிந்த அந்த மூன்றரை அடி. வண்டியில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். அதைத் தோளில் போட்டுக்கொண்டு கன்றுக்குட்டிகள் அடைக்கிற தொழுவத்துக்கு நடந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழி ஏற்கெனவே தோண்டி வைத்திருந்தது.

‘பிடி, கிட். நேரா நிக்குதா பாரு.’

பிடித்தேன். அவர் மண்ணைத் தள்ளி மிதித்தார்.